“போய் ஒரு கவுன்சிலரைப் பாரு” – சரி, போனா உள்ளே என்ன நடக்கும்?

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 10 வந்தால் நம்ம காலேஜ்களில் ஒரு செமினார் நடக்கும். உலக மனநல நாள். சிறப்பு விருந்தினருக்கு ஒரு சால்வை, ஒரு மெமென்டோ, நீளமான ஒரு பி.பி.டி. கடைசி ஸ்லைடில் “மனம் விட்டுப் பேசுங்கள், தயங்காமல் உதவி கேளுங்கள்” என்று ஒரு வரி. கைத்தட்டல், குரூப் போட்டோ. இரண்டு பீரியட் ஓ.டி கிடைத்த சந்தோஷத்தில் நாமும் கலைந்துவிடுவோம்.

அந்தக் கடைசி வரியில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அது பாதி விஷயம்தான். உதவி கேட்கச் சொல்கிறார்கள், கேட்டால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு ரெசிஸ்டரை அளப்பதற்கே நமக்கு லேப் மேனுவல் கொடுக்கிறார்கள். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, எல்லாம் வரிசையாக அச்சடித்துத் தருகிறார்கள். முன்பின் தெரியாத ஒருத்தர் முன்னால் உட்கார்ந்து, அம்மாவிடம்கூட சொல்லாததைச் சொல்லப் போகிறோம். அதற்கு ஒரு பக்கம்கூட யாரும் எழுதித் தருவதில்லை.

என் கருத்து இதுதான். நம்ம வயசுக்காரங்க தெரபிக்குப் போகாததற்கு வெட்கம் ஒரு காரணம், ஒத்துக்கறேன். ஆனால் வெட்கத்தையும் தாண்டி, காசு சேர்த்து, ஒருநாள் தைரியமாகப் போய்விட்டு, ஒரே செஷனோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். எதிர்பார்த்துப் போனது ஒன்று, உள்ளே நடந்தது வேறு என்பதால்தான் அவர்கள் திரும்பிப் போவதில்லை. உள்ளே என்ன நடக்கும் என்று முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் அவர்களில் சிலராவது இரண்டாவது வாரமும் போயிருப்பார்கள்.

எங்கள் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் அப்படித்தான். மூணு வாரம் யோசித்து, அப்பாயின்ட்மென்ட் வாங்கி, பஸ் ஏறிப் போனான். திரும்பி வந்து சொன்னது இது: “அவர் ஒண்ணுமே சொல்லல மச்சி. நான்தான் பேசிட்டே இருந்தேன், அவர் எழுதிட்டே இருந்தார். இதுக்கு உன்கிட்டயே பேசியிருப்பேன், ஒரு டீ செலவோட முடிஞ்சிருக்கும்.” அதோடு நிறுத்திவிட்டான். அவன் சொல்லச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றான். அவன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை, சைக்காலஜி படிப்பவனும் இல்லை. மெக்கானிக்கல் இறுதியாண்டு. ஐந்தாவது செமஸ்டரில் தூக்கம் சுத்தமாகப் போய், அதற்காகப் போய் வந்தவன். பதினொரு செஷன். அந்த அனுபவத்தையும் அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

*சினிமா காட்டிய டாக்டர்கள்*

நம்மில் பலருக்கு மனநல மருத்துவர் என்றாலே ஞாபகம் வருவது சினிமாதான். 2005-இல் வந்த இரண்டு படங்களே போதும். ‘சந்திரமுகி’யில் ரஜினி ஒரு சைக்கியாட்ரிஸ்ட். அரண்மனைக்கு வருவார், எல்லாரையும் நோட்டம் விடுவார், யாருக்கு என்ன பிரச்சனை என்று தானே கண்டுபிடிப்பார், கிளைமாக்ஸில் ஒரே ராத்திரியில் குணமாக்கிவிடுவார். ‘அந்நியன்’ படத்தில் நாசர் ஹிப்னாட்டிசம் செய்து உள்ளே ஒளிந்திருக்கிற ஆட்களை வெளியே கொண்டுவருவார். படமாகப் பார்க்க இரண்டுமே சூப்பர். ஆனால் இதைப் பார்த்து வளர்ந்த நாம் என்ன எதிர்பார்த்துப் போவோம்? அவர் நம்மைப் பார்த்த உடனே எல்லாம் கண்டுபிடித்துவிடுவார், நாம் சும்மா உட்கார்ந்தால் போதும் என்றுதானே?

இன்னொரு பக்கம் ‘கீழ்ப்பாக்கம்’ ஜோக். யாராவது கொஞ்சம் வித்தியாசமாகப் பேசினால் “கீழ்ப்பாக்கம் கேஸ்டா” என்று சொல்லிச் சிரிக்கிறோம். அங்கே இருப்பது 1794-இல் தொடங்கிய வரலாறு கொண்ட அரசு மனநல மருத்துவமனை. புறநோயாளிகள் வந்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிற இடமும் அதுதான். அந்த ஊர்ப் பெயரையே திட்டாக மாற்றி வைத்திருக்கிறோம். அப்புறம் “ஏன் யாரும் உதவி கேட்க மாட்டேங்கறாங்க?” என்று செமினாரும் நடத்துகிறோம்.

*யாரைப் பார்க்கப் போறீங்க?*

இங்கேதான் முதல் குழப்பம். மூன்று பெயர்கள் இருக்கின்றன.

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ் முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதித் தருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியலில் முதுகலையும் அதற்கு மேல் மருத்துவமனைப் பயிற்சியோடு சேர்ந்த படிப்பும் முடித்தவர். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்.சி.ஐ-யில், பதிவு செய்திருக்க வேண்டும். மருந்து எழுத மாட்டார். பேச்சு வழியாகச் செய்கிற சிகிச்சைதான் அவர் வேலை. மூன்றாவது, கவுன்சிலர். இந்தச் சொல்லுக்குத்தான் வேலி இல்லை. முதுகலை முடித்து வருஷக்கணக்கில் அனுபவம் உள்ளவரும் கவுன்சிலர், சில வாரம் சர்டிஃபிகேட் கோர்ஸ் முடித்தவரும் கவுன்சிலர். அதனால் போர்டை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். “நீங்க என்ன படிச்சிருக்கீங்க? பதிவு எண் இருக்கா?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஒழுங்காகப் படித்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

காசு அடுத்த கேள்வி. தனியார் இடங்களில் ஒரு செஷனுக்கு ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் கேட்பது சாதாரணம். வாரம் ஒன்று என்றால் நம்ம பாக்கெட் மணி தாங்காது. மாணவர்களுக்குக் கட்டணம் குறைக்கிற தெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள், போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. ஓ.பி சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் போதும், காசு வேண்டாம். கூட்டம் இருக்கும், டாக்டர் பத்து நிமிஷத்தில் முடித்துவிடவும் கூடும். “இங்க சைக்காலஜிஸ்ட் இருக்காங்களா, அவங்களைப் பார்க்கணும்” என்று நீங்களாகக் கேட்க வேண்டியிருக்கும்.

எங்கேயும் நேரில் போகிற நிலையில் இல்லை என்றால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண். 2022-இல் தொடங்கினார்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இதைப் படித்து முடிப்பதற்குள் போனில் சேவ் செய்துவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் உங்க ரூம்மேட்டுக்குத் தேவைப்படலாம்.

*முதல் செஷன்*

பொதுவாக 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். சாய்ந்து படுக்கிற சோபா எல்லாம் நான் போன இடத்தில் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு டிஷ்யூ பெட்டி, சுவரில் ஒரு கடிகாரம். எப்படிக் கூப்பிடுவது என்று குழம்ப வேண்டாம். சார், மேடம் போதும்.

முதலில் ஒரு படிவம் தருவார்கள். பெயர், வயது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு எண். ரகசியம், கட்டணம், வராமல் போனால் என்ன என்பது பற்றி ஒரு ஒப்புதல் தாள். இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காலேஜ் அட்மிஷன் ஃபார்ம் மாதிரி கிடையாது, இது உங்களுக்காக எழுதப்பட்ட தாள்.

அப்புறம் ஒரு கேள்வித்தாளும் வரலாம். பல இடங்களில் பி.எச்.க்யூ-9 கொடுப்பார்கள். ஒன்பது கேள்விகள். போன இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கவனம் நிற்கிறதா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. இங்கே நம்ம புத்தி உடனே ‘நல்ல மார்க்’ எடுக்கப் பார்க்கும். குறைவாக டிக் அடித்தால் நல்ல பையன், நல்ல பொண்ணு என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இது இன்டெர்னல் கிடையாது. தெர்மாமீட்டரை ஏமாற்றி ஜுரம் இல்லை என்று காட்டினால் நமக்குத்தான் நஷ்டம்.

பிறகு கேள்விகள் வரும். வீட்டில் யார் யார்? அப்பா அம்மாவோடு எப்படி? எத்தனை மணிக்குப் படுப்பீங்க? குடி, சிகரெட் உண்டா? காதல் உண்டா? இதற்கு முன்னால் இப்படி இருந்ததுண்டா? குடும்பத்தில் வேறு யாருக்காவது? “நான் தூக்கம் வரலைன்னு வந்தேன், இவர் ஏன் எங்க தாத்தாவைப் பத்திக் கேக்கறார்?” என்று எரிச்சல் வரும். ஒரு மெஷின் ரிப்பேருக்கு வந்தால், எப்போது வாங்கியது, என்ன லோடு, கடைசியாக எப்போது சர்வீஸ் என்று கேட்ட பிறகுதான் திறப்போம். முதல் செஷன் பெரும்பாலும் அந்தக் கட்டம்தான். திறக்கிற வேலை இனிமேல்தான் ஆரம்பம்.

அதனால் அன்றைக்கு அறிவுரை கிடைக்காது. உண்மையில், கிடைக்காமல் இருப்பது நல்ல அறிகுறி. நான் முதலில் போன ஒரு இடத்தில் பத்தாவது நிமிஷமே “போனைக் குறைங்க, காலையில யோகா பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லி அனுப்பினார்கள். இதை எங்க பெரியப்பா காசு வாங்காமலே சொல்வார். இரண்டாவதாகப் போன இடத்தில் முதல் நாள் முழுக்கக் கேள்விதான். எனக்குப் பயன்பட்டது அந்த இரண்டாவது இடம்.

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டும் என்றும் இல்லை. “இதைப் பத்தி இப்பப் பேச வேண்டாம், அப்புறம் சொல்றேன்” என்பது செல்லுபடியாகும் பதில். அழுகை வரலாம், வராமலும் போகலாம். நடுவில் அமைதி வரும். அவரும் பேசாமல் இருப்பார். வைவாவில் அமைதி என்றால் பதில் தெரியவில்லை என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை. நீங்கள் யோசிக்கட்டும் என்று அவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு கேள்விக்கு மட்டும் தயாராகப் போங்கள். “செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?” நேரடியாகவே கேட்பார்கள். இப்படிக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று நம்ம ஊரில் ஒரு பயம் உண்டு. அது உண்மை இல்லை. வாய்விட்டுக் கேட்பது, உள்ளே வைத்துக்கொண்டு தவிக்கிறவருக்கு ஒரு கதவைத் திறக்கிறது. பி.எச்.க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வியும் இதுதான்.

என் நண்பன் அந்த ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு வந்தான். அவன் மூணு வாரம் யோசித்துப் பஸ் ஏறிப் போனதே அதற்காகத்தான். இதை அவன் என்னிடம் சொன்னது ஏழு மாதம் கழித்து, மொட்டை மாடியில், ஒரு ராத்திரி. “அதுக்கு உண்மையைப் போட்டா வீட்டுக்கு போன் பண்ணிடுவாங்க, அட்மிட் பண்ணிடுவாங்கன்னு நினைச்சேன்” என்றான். அந்தத் தோற்றம் வந்தாலே அட்மிட் செய்துவிட மாட்டார்கள். எப்போது வருகிறது, திட்டம் ஏதும் இருக்கிறதா, உங்களைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பேசுவார்கள். உடனடி ஆபத்து இருந்தால்தான் அடுத்த கட்டம். இந்த ஒரு தகவலை அக்டோபர் 10 செமினாரில் யாராவது சொல்லியிருந்தால் அந்த ஏழு மாதம் அவன் தனியாக இருந்திருக்க மாட்டான். இப்போது வேறொருவரிடம் போகிறான். எட்டாவது செஷன் முடிந்தது.

*எந்த மொழியில் பேசுவது?*

இதைப் பற்றி யாரும் பேசிப் பார்த்ததில்லை. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களிடம் நிறைய சொற்கள் இருக்கும். டிப்ரஸ்ட், ஆங்ஸைட்டி, டாக்ஸிக், ட்ராமா, எல்லாம் ரீல்ஸில் கற்றது. போனதும் நான் அவற்றைத்தான் வரிசையாகச் சொன்னேன். அந்த மேடம் கேட்டார்: “சரி, இந்த டிப்ரஸ்டுங்கறதை உங்க அம்மாகிட்ட சொல்லணும்னா எப்படிச் சொல்வீங்க?”

ரொம்ப நேரம் பதில் வரவில்லை. அப்புறம் சொன்னேன்: “காலைல கண்ணு முழிச்ச உடனே பயமா இருக்கு. வயித்துல ஏதோ பிசையுது. எழுந்திருக்கவே கை கால் வரல.” அவர் எழுதிக்கொண்டது அந்த மூன்று வரியைத்தான். அதிலிருந்துதான் வேலையும் ஆரம்பித்தது.

மனசு பாரமா இருக்கு, நெஞ்சை அடைக்குது, படபடப்பா வருது, எதுலயும் பிடிப்பில்ல. இதெல்லாம் அறிவியல் இல்லாத பேச்சு என்று நினைக்க வேண்டாம். உடம்பில் எங்கே, எப்போது என்று இந்த வார்த்தைகள் சரியாகக் காட்டிக் கொடுக்கின்றன. இங்கிலீஷ்தான் வசதி என்றால் இங்கிலீஷில் பேசுங்கள், கலந்தும் பேசுங்கள். ஆனால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே “தமிழ்ல பேசலாமா?” என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோபமும் அழுகையும் வரும்போது நாம் கிராமர் பார்த்துப் பேசப்போவதில்லை.

*சொன்னது வெளியே போகுமா?*

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, மனநலச் சிகிச்சை பெறுகிறவருக்கு ரகசியத்துக்கான உரிமையைத் தருகிறது. விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், தேவையான அளவு மட்டும் சொல்லலாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவரிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் சொல்லியாக வேண்டும். இன்னொன்று, முதலாமாண்டில் 17 வயதில் இருக்கிறவர்கள் சட்டப்படி மைனர், அதனால் சிகிச்சையில் பெற்றோருக்கு இடம் உண்டு. 18 தாண்டியவர்களுக்கு அப்பா அம்மா கையெழுத்து தேவையில்லை. முதல் நாளே “எதை யாரிடம் சொல்வீங்க?” என்று கேட்டுவிடுங்கள். நல்ல தெரபிஸ்ட் நீங்கள் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்.

காலேஜ் கவுன்சிலர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் படித்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஒரு கவுன்சிலரோ சைக்காலஜிஸ்ட்டோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்லது. ஆனால் பல காலேஜ்களில் நடப்பது என்ன? ஒரு புரொஃபசருக்கே ‘ஸ்டூடன்ட் கவுன்சிலர்’ என்று கூடுதல் பொறுப்பு போட்டுவிடுகிறார்கள். நமக்கு இன்டெர்னல் மார்க் போடுகிறவர், அட்டெண்டன்ஸ் குறைந்தால் வீட்டுக்கு போன் செய்கிறவர், அவரிடமே போய் மனசைத் திறக்க வேண்டும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது நடக்காது. ஒருவர் நமக்கு நடுவராகவும் நம் பக்க ஆளாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது.

நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயம் இல்லை. மார்க் போடாத, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இல்லாத, படித்த ஒருவர். ஹெச்.ஓ.டி அறைக்கு எதிரில் இல்லாத ஒரு அறை. டியூட்டரிடம் காரணம் சொல்லி லெட்டர் வாங்காமல் நேராக அப்பாயின்ட்மென்ட். எது ரகசியம், எது இல்லை என்று வாசலில் ஒட்டிய ஒரு தாள். அக்டோபர் செமினாரின் சால்வை செலவை விட இதற்குக் கொஞ்சம்தான் கூட ஆகும்.

*அடுத்த சில வாரங்கள்*

முதல் நாள் வெளியே வரும்போது லேசாக இருக்கலாம், அடித்துப் போட்ட மாதிரி இருக்கலாம், ஒன்றுமே தோன்றாமலும் இருக்கலாம். மூன்றுமே சாதாரணம். முடிந்தால் அன்றைக்கு நேராக லேபுக்கு ஓடாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு மெதுவாக வாருங்கள்.

பிறகு வீட்டுப்பாடம் வரலாம். குறிப்பாக சி.பி.டி என்ற முறையில். ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய முறை. ஒரு சம்பவம் நடந்ததும் தானாக மனதில் ஓடுகிற எண்ணத்தைப் பிடித்து, எழுதி, சோதித்துப் பார்ப்பது அதில் ஒரு முக்கியமான வேலை. உதாரணம்: ஆப்டிட்யூட் ரவுண்டில் பெயர் வரவில்லை. உடனே ஓடிய எண்ணம், “நான் எதுக்குமே லாயக்கில்ல.” அந்த நேர வருத்தம், நூற்றுக்குத் தொண்ணூறு. அடுத்த கட்டத்தில் அந்த எண்ணத்துக்கு ஆதரவான ஆதாரம் எழுத வேண்டும், எதிரான ஆதாரமும் எழுத வேண்டும். இரண்டையும் எழுதிய பிறகு அந்தத் தொண்ணூறு எவ்வளவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்பதற்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். மூன்றாவது வாரம் அதே வாக்கியம் நாலு வெவ்வேறு சம்பவத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்திலேயே இருப்பதைப் பார்க்கும்போது சிரிப்பு வராது.

இந்த முறையில் பொதுவாக 6 முதல் 20 செஷன் வரை ஆகும். வேறு முறைகளில் இன்னும் நீளலாம். சைக்கியாட்ரிஸ்ட் மாத்திரையும் கொடுத்தால் பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய சில வாரம் ஆகும். பத்து நாளில் “ஒண்ணும் தெரியல” என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சரியான பிறகும் டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

*ஆள் சரியில்லை என்றால்?*

மாற்றுங்கள். இதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் எழுதிய ஒரு கட்டுரை, தெரபிஸ்ட்டுக்கும் வருகிறவருக்கும் இடையே மூன்று விஷயம் வேண்டும் என்றது: எங்கே போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒரு நம்பிக்கை. மூன்று, நான்கு செஷன் கழித்து உங்களை நீங்களே இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பதில் ‘இல்லை’ என்றால் முதலில் அவரிடமே சொல்லுங்கள், “இது எனக்கு உதவற மாதிரி தெரியல” என்று. அதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

சில விஷயங்களுக்கு நாலு செஷன் காத்திருக்கவும் வேண்டாம். ஜாதி கேட்டு அதை வைத்துப் பேசுகிறவர், உங்கள் உடையைப் பற்றியோ காதலைப் பற்றியோ தீர்ப்பு சொல்கிறவர், பரிகாரம் செய்யச் சொல்கிறவர், ஓரினச் சேர்க்கையை ‘மாத்திடலாம்’ என்கிறவர், அனாவசியமாகத் தொடுகிறவர், ஐந்தே செஷனில் கேரண்டி என்கிறவர். அன்றைக்கே எழுந்து வந்துவிடலாம்.

*தெரபி செய்யாத வேலை*

“எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? நாங்க கஷ்டப்படலையா?” என்று வீட்டில் கேட்பார்கள். அவர்கள் கஷ்டப்பட்டது உண்மை. பேச ஆள் இல்லாமல் கஷ்டப்பட்டார்கள் என்பதும் உண்மை. இதை வாதாடி ஜெயிக்க முடியாது. “ரெண்டு மாசமா தூக்கம் வரலம்மா, அதுக்கு ஒருத்தரைப் பார்க்கறேன்” என்று சொன்னால் பெரும்பாலும் புரியும். அது பொய்யும் இல்லை.

ஆனால் இன்னொரு கேள்வி நியாயமானது. “அரியரும் கல்விக்கடனும் ப்ளேஸ்மென்ட்டும்தான் என் பிரச்சனை. பேசினா அது போயிடுமா?” போகாது. தெரபிஸ்ட் உங்கள் அரியரை கிளியர் செய்ய மாட்டார். அரியரை வைத்துக்கொண்டு ராத்திரி மூணு மணிக்கு உங்களை நீங்களே அடித்துக்கொள்வதை நிறுத்த உதவுவார். அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்க அந்த அளவு போதும் பல நேரம்.

இதையே காலேஜுகளும் ஒரு சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை வகுப்பு, பெண்ணும் பையனும் பேசினால் ஐடி கார்டைப் பிடுங்குவது, எல்லார் முன்னாலும் மார்க்கை வாசிப்பது, இதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு “உனக்கு ஸ்ட்ரெஸ்ஸா, கவுன்சிலரைப் பாரு” என்றால் அது சிகிச்சையா? பாய்லரில் பிரஷரை ஏற்றிக்கொண்டே வால்வை மட்டும் குறை சொல்கிற கதை. தனி மனிதர் சிகிச்சைக்குப் போவதும் வேண்டும், நிர்வாகம் மாறுவதும் வேண்டும்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது பல வாரமாகத் தூங்காமல், சாப்பிடப் பிடிக்காமல், எதற்கு இருக்கிறோம் என்று தோன்றிக்கொண்டு இருந்தால், இந்த செமஸ்டர் முடியட்டும், ப்ளேஸ்மென்ட் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். அந்த எண்ணம் இன்றைக்கே பலமாக இருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 14416-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் பக்கத்து ரூம் கதவைத் தட்டி “என்னைத் தனியா விடாத” என்று சொல்லுங்கள். உங்கள் கதவை யாராவது அப்படித் தட்டினால் அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். போங்கள். முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் உண்மையைப் போடுங்கள். இரண்டாவது வாரமும் போங்கள்.